முகவரியும் நெறிமுறையும்: இணையம் இயங்கும் வகை

இணையம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், எங்கோ ஓரிடத்தில் நிறுவப்பெற்ற மாபெரும் கணிப்பொறி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோர் இன்றும் உளர். அத்தகைய பொறி எதுவும் உலகில் இல்லை. கம்பிகளும் கடலடி வடங்களும் கோபுரங்களும் செயற்கைக்கோள்களும் உண்டு; அவற்றுக்குத் தனித்தனி உடைமையாளர்களும் உண்டு. ஆனால் இணையத்துக்கென ஓர் உடைமையாளர் இலர். அதனை ஒரு பொருள் என்பதைவிட ஓர் உடன்பாடு என்பதே பொருந்தும். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்சியில் இருக்கும் பல்லாயிரம் வலையமைப்புகள், எழுதிவைக்கப்பெற்ற சில விதிகளுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டமையால் உண்டான இணைப்பே இணையம்.

மொழியும் இத்தகையதே. தமிழுக்கு உடைமையாளர் எவரும் இலர். இலக்கணம் என்னும் பொது உடன்பாட்டினால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்கின்றனர். ஆதலின், தமிழ் பயில்வோர்க்கு இணையத்தின் உள்ளமைப்பு அத்துணை அயலான பொருள் அன்று. அவ்வுள்ளமைப்பைத் தாங்கி நிற்கும் முகவரி, நெறிமுறை ஆகிய இரண்டையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. கணிப்பொறித் துறை மாணவர்க்கு முன்பே பழகிய செய்திகள் இடையிடையே வரலாம், அவர்கள் பொறுத்தருள்க.

பொதி என்னும் கருத்து

தானியங்கித் தொலைபேசி பரவுமுன், வெளியூருக்குப் பேச 'ட்ரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருந்ததைப் பெரியோர் அறிவர். இணைப்புக் கிட்டியதும், பேசி முடிக்கும் வரை அந்த வழி அவ்விருவருக்கே உரியதாக இருக்கும். அவர்கள் பேசாது மௌனமாக இருந்த நொடிகளிலும் பிறர் அதனைப் பயன்படுத்த இயலாது. மனிதர் உரையாடலுக்கு இம்முறை ஏற்றதே. கணிப்பொறிகளோ விட்டுவிட்டுப் பேசும் இயல்பின. ஒரு நொடி கொட்டித் தீர்த்துவிட்டு நெடுநேரம் வாளா இருக்கும். அவற்றுக்காக ஒரு வழியை முழுதும் ஒதுக்குவது வீண்செலவு.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரனும், 1965ஆம் ஆண்டையொட்டிப் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டொனால்ட் டேவிஸும், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே தீர்வைக் கண்டனர். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொரு துண்டின் தலையிலும் சேர வேண்டிய இடத்தை எழுதுக. பிறருடைய துண்டுகளோடு கலந்து ஒரே வழியில் அனுப்புக. சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்க. இதுவே அத்தீர்வு. அத்துண்டுக்கு டேவிஸ் இட்ட பெயர் 'பாக்கெட்'. தமிழில் பொதி என்கிறோம். நூல் ஒன்றை ஒரே கட்டாக அனுப்பாமல், பக்கத்துக்கு ஓர் அஞ்சலட்டையாக எண்ணிட்டு அனுப்புவதைப் போன்றது இது. அட்டைகள் முன்பின்னாகச் சேரலாம். எண் இருப்பதால் நூல் குலையாது. இன்று நாம் ஒரு கைப்பேசியிலிருந்து 30 லட்சம் பைட் அளவுள்ள ஒளிப்படத்தை அனுப்பினால், அது ஏறத்தாழ 2,000 பொதிகளாகப் பிரிந்தே செல்கிறது.

இக்கருத்தின்படி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அமைத்த ஆர்ப்பாநெட்டில் முதற்செய்தி சென்ற நாள் 29-10-1969. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 'லாகின்' என்னும் சொல்லைத் தட்டச்சிட்டனர். ஐந்து எழுத்துகளில் முதல் இரண்டு சேர்ந்ததும் எதிர்முனைப் பொறி செயலிழந்தது. பின்னர் அன்றிரவே சரிசெய்யப்பட்டுத் தொடர்பு முழுமை பெற்றது.

அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நிகழ்ந்த இன்னொன்று என் கருத்தில் இதனினும் முதன்மையானது. கணிப்பொறிகள் பேசிக்கொள்வதற்கான விதிகளை வகுக்கும் பணி பட்டமேற்படிப்பு மாணவர் சிலரிடம் விடப்பட்டிருந்தது. அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் கிராக்கர் தம் குறிப்புகளுக்கு 'ஆணை' என்றோ 'விதி' என்றோ தலைப்பிடவில்லை. 'கருத்துரை வேண்டல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். மூத்தோர் இருக்க இளையோர் விதி செய்கின்றனரே என்று எவரும் கருதிவிடலாகாது என்னும் தயக்கமே காரணம். நம் காப்பியப் புலவர்கள் பாயிரத்தில் பாடிய அவையடக்கத்துக்கு இது மிக அணுக்கமானது. அவ்வடக்கத்தால் ஒரு நன்மை விளைந்தது: எவரும் குறை சொல்லலாம், எவரும் திருத்தலாம், எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்னும் மரபு ஊன்றியது. ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட இணைய விதிகள் இன்றும் அதே பெயரிலேயே வெளிவருகின்றன.

வேறுபட்ட வலைகளை இணைத்தல்

ஆர்ப்பாநெட் ஒரு வலையமைப்பு, இணையம் அன்று. வானொலி அலைவழிப் பொதி அனுப்பும் வலை, செயற்கைக்கோள் வலை எனப் பிறவும் 1970களில் தோன்றின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில், ஒவ்வொரு பொதியளவில் இயங்கியது. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் உடைத்து ஒரே அச்சில் வார்ப்பது ஒரு வழி. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் அவ்வழியை நாடவில்லை. 1974ஆம் ஆண்டு மே மாதம் வெளியான அவர்கள் கட்டுரையின் சாரம் இது: ஒவ்வொரு வலையமைப்பும் தன் உள்வழக்கத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும்; இரு வலைகளின் எல்லையில் ஒரு வாயில் இருக்கட்டும்; எல்லா வாயில்களும் படிக்கத்தக்க பொதுவான மேலெழுத்து ஒன்று மட்டும் பொதியின்மீது இருக்கட்டும்.

மாட்டுவண்டியில் வரும் மூட்டை ஆற்றங்கரையில் ஓடத்துக்கு மாறும். அக்கரையில் மீண்டும் வண்டி ஏறும். வண்டிக்காரர் ஓடம் செலுத்தக் கற்க வேண்டியதில்லை. மூட்டையின்மீது எழுதிய ஊர்ப்பெயரை இருவரும் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். அந்த ஊர்ப்பெயரை எழுதும் முறையே 'இன்டர்நெட் புரோட்டோகால்', சுருக்கமாக ஐ.பி. எனப்படும் இணைய நெறிமுறை.

22-11-1977 அன்று இக்கருத்து மெய்ப்பிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு வேனிலிருந்து வானொலிவழி புறப்பட்ட பொதிகள், ஆர்ப்பாநெட்டில் ஏறிச் செயற்கைக்கோள்வழி ஐரோப்பா சென்று, நார்வே, லண்டன் ஆகியவற்றைத் தொட்டு, மீண்டும் அமெரிக்கா வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் சேர்ந்தன. நேர்வழியில் ஏறத்தாழ 600 கிலோமீட்டரே உள்ள இடத்துக்கு, விண்ணேறி இறங்கிய தொலைவையும் சேர்த்து, அவை பயணித்தது ஏறத்தாழ 1,50,000 கிலோமீட்டர். மூன்று வலைகளும் தம் தனியியல்பை இழக்காமலேயே ஒன்றாகத் தொழிற்பட்டன.

பின்னர் 01-01-1983 அன்று ஆர்ப்பாநெட்டில் இருந்த சில நூறு கணிப்பொறிகளும் பழைய நெறிமுறையைக் கைவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. தயங்கியோரை எழுப்புவதற்காக 1982இலேயே பழைய முறையை ஒரு நாள் முழுதும் நிறுத்திக் காட்டினராம். அந்த நாளையே இணையத்தின் பிறந்தநாளாகப் பலர் கொள்கின்றனர்.

முகவரியின் அமைப்பு

இனி முகவரியைக் காண்போம். நான்காம் பதிப்பு எனப்படும் நெறிமுறையில் ஒரு முகவரி 32 பிட் நீளமுடையது. மனிதர் படிப்பதற்காக அதனை நான்கு எண்களாக எழுதுவர். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். 192.0.2.17 என்பது போல. (இவ்வெண் எவருடையதும் அன்று. நூல்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே 192.0.2 எனத் தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. விதி வகுத்தோர் ஆசிரியர்களையும் நினைவில் வைத்திருந்தனர்.)

இம்முகவரியின் நுட்பத்தை அறிய, 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்தால் போதும். 6 எனத் தொடங்கினால் தமிழகம், கேரளம் உள்ளிட்ட தென்மண்டலம். 620 எனில் திருச்சிராப்பள்ளி. எஞ்சிய மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சலகம். தில்லியில் கடிதம் பிரிப்பவர் திருச்சியின் தெருக்களை அறிந்திருக்க வேண்டியதில்லை. முதலிலக்கத்தைப் பார்த்துத் தெற்கே போகும் பையில் இட்டால் அவர் கடமை முடிந்தது. கடிதம் நெருங்க நெருங்க, அடுத்தடுத்த இலக்கங்கள் பொருள் பெறுகின்றன.

ஐ.பி. முகவரியும் அவ்வாறே முன்னொட்டால் இயங்குவது. இணையத்தின் சந்திகளில் நிற்கும் திசைவி, அதாவது ரூட்டர், உலகிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியையும் அறியாது. 'இம்முன்னொட்டுடையவை இவ்வழி' என்னும் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. வந்த பொதியின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டு, மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டு எதுவோ அவ்வழியில் தள்ளிவிடும். அடுத்த திசைவியும் அதையே செய்யும். பொதி எங்கிருந்து வந்தது, அதனுள் திருமண அழைப்பா தேர்வு முடிவா என்பதெல்லாம் அதற்கு வேண்டாத செய்தி. பட்டியல் பிழையால் ஒரு பொதி வட்டமடித்து அலையக்கூடும் அன்றோ? அதற்கும் வழி செய்துள்ளனர். பொதியின் தலைப்பில் ஓர் ஆயுள் எண் உண்டு. பெரும்பாலும் 64இல் தொடங்கும். ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியானால் பொதி அழிக்கப்படும்.

கருவியின் வன்பொருளுக்குரிய 48 பிட் நீளமுள்ள 'மேக்' முகவரி வேறு, ஐ.பி. முகவரி வேறு. முன்னது ஆளின் பெயர் போன்றது. ஒரே கூரையின்கீழ் இருப்போர் கூப்பிட்டுக்கொள்ளப் பயன்படுவது. பின்னது குடியிருக்கும் வீட்டின் முகவரி போன்றது. வீடு மாறினால் மாறும். கல்லூரி நூலகத்தின் வைஃபையில் இருந்த கைப்பேசி, பேருந்தில் ஏறியதும் வேறு ஐ.பி. முகவரி பெறுவது இதனாலேயே.

எழுத்து, சொல், பொருள்

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக வகுக்கப்பட்டதை நாம் அறிவோம். எழுத்ததிகாரத்தில் நிற்கும்போது பாடலின் திணை எது என ஆராய்வதில்லை. சொல் அமைவதற்கு எழுத்து வேண்டும். ஆனால் சொல்லின் விதி எழுத்தின் விதியை மாற்றுவதில்லை. இணைய நெறிமுறைகளும் இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அடியில் மின்னலையையும் ஒளியையும் கையாளும் ஈதர்நெட், வைஃபை போன்றவை. அதன்மேல் முகவரியும் வழியும் காணும் ஐ.பி. அதன்மேல் டி.சி.பி. எல்லாவற்றுக்கும் மேலே மின்னஞ்சல், வலைப்பக்கம் முதலிய பயன்கள்.

இவ்வடுக்கு வெறும் பாகுபாடு அன்று, பெரும்பயன் தந்தது. 1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தபோது, கீழே உள்ள எதனையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எவரிடமும் இசைவு பெற வேண்டியிருக்கவில்லை. மேல்மாடி கட்டுவோர் கடைக்காலைத் தோண்டாமல் கட்டினர்.

ஐ.பி. ஓர் அலட்சியமான அஞ்சற்காரர் என்றே சொல்ல வேண்டும். பொதி தொலையலாம், இருமுறை சேரலாம், முன்பின்னாகலாம், அது பொறுப்பேற்காது. பொறுப்பேற்பது டி.சி.பி. அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் இடுவதும், 'இதுவரை பெற்றேன்' என்னும் ஒப்புகையை எதிர்பார்ப்பதும், உரிய நேரத்தில் ஒப்புகை வாராதாயின் மீண்டும் அனுப்புவதும் அதன் தொழில். இவ்வேலையை நடுவிலுள்ள திசைவிகள் செய்வதில்லை. இருமுனைகளிலும் உள்ள கணிப்பொறிகளே செய்கின்றன. அறிவு முனைகளில், நடுவில் எளிமை. இணையம் இத்துணைப் பெருகியும் தாங்கியதற்கு இதுவே அடிப்படை என்பர் வல்லார்.

1986ஆம் ஆண்டின் நெரிசல்

மீண்டும் அனுப்புதல் என்னும் அந்த நற்குணமே ஒரு சமயம் நோயாக மாறியது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே பொதிகள் நொடிக்கு 32,000 பிட் என்னும் வேகத்தில் சென்றுகொண்டிருந்தன. இரண்டுக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 400 கெஜம். திடீரென அவ்வேகம் நொடிக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. அதாவது, நொடிக்கு ஐந்து எழுத்து. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் முன்னரே சேர்ந்திருக்கும்.

கம்பி அறுபடவில்லை, எந்தப் பொறியும் பழுதாகவில்லை. எல்லாம் விதிப்படியே இயங்கின. நிகழ்ந்தது யாதெனின்: சந்தியில் கூட்டம் பெருகியதால் ஒப்புகைகள் தாமதித்தன. ஒப்புகை வாராமை கண்டு ஒவ்வொரு கணிப்பொறியும் பொதி தொலைந்ததெனக் கருதி மறுபடி அனுப்பியது. அம்மறுபடிகள் கூட்டத்தைப் பெருக்கின. தாமதம் மிகுந்தது, மேலும் மறுபடிகள் புறப்பட்டன. முடிவில், வழியெங்கும் ஒரே கடிதத்தின் படிகளே நிரம்பின. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் தத்தம் வேலையை முடிக்கவே முயன்றனர். குறுகிய வாயிலில் எல்லாரும் ஒருங்கே முண்டியடித்தால் எவரும் வெளியேற இயலாமற் போவது போன்ற நிலை அது.

வான் ஜேக்கப்சன் என்பவர் மைக்கேல் காரல்ஸுடன் இணைந்து கண்ட தீர்வு 1988இல் வெளியாயிற்று. அகலமான வழி அமைப்பதன்று அத்தீர்வு. நடுவில் காவலர் நிறுத்துவதும் அன்று. ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அது. தொடங்கும்போது ஒரே ஒரு பொதி அனுப்புக. ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு. ஏதேனும் ஒரு பொதி தொலைந்தால், அதனைக் கம்பியின் குற்றமாகக் கொள்ளாது, 'வழியில் கூட்டம்' என்னும் குறிப்பாகக் கொள்க. உடனே வேகத்தைப் பெரிதும் குறைக்க. மீண்டும் மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாகக் கூட்டுக. ஏறும்போது சிறுகச் சிறுக, இறங்கும்போது பாதியளவாக என்பது விதி.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இவ்விதியை எவரும் மீறலாம். தன் கணிப்பொறியை வேகம் குறையாதவாறு திருத்திக்கொள்பவர், பிறர் ஒதுங்கிய இடத்தைத் தாம் பிடித்துக்கொள்வார். தடுப்பதற்குத் தனி அதிகாரி இல்லை. எனினும், பெர்க்லியின் யூனிக்ஸ் மென்பொருளில் இது சேர்க்கப்பட்டு, பிறரும் மேற்கொண்டு, நாளடைவில் இயல்பான வழக்கமாயிற்று. பெருந்திரளானோர் அடங்கி நடப்பதால்தான் இன்று நம் கைப்பேசியில் காணொலி ஓடுகிறது. நெறிமுறை என்னும் சொல்லில் 'நெறி' என்பது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பெயரும் எண்ணும்

எண்களை நினைவிற் கொள்வது மனிதர்க்கு அரிது. தொடக்கத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினரால் பேணப்பட்டன. எண்ணிக்கை பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயர்முறை, பொறுப்பை மரம்போல் பகிர்ந்தளித்தது. வேரில் உள்ள வழங்கி 'இந்தியாவுக்குரிய பெயர்களை இன்னாரிடம் கேள்' என்று மட்டும் சொல்லும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். இறுதியில் உரியவரிடம் எண் கிடைக்கும். ஊருக்குள் புதியவர் கடைத்தெருவில் வழி கேட்டு, தெருமுனையில் மறுபடி கேட்டு, வீட்டைக் கண்டடைவது போன்றதே.

இம்மரத்தின் வேரையும் முகவரித் தொகுதிகளின் பங்கீட்டையும் நெடுங்காலம் கவனித்துவந்தவர் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர். ஒரு தனிமனிதரின் நேர்மையை நம்பி உலகத்தின் பெயர்ப்பதிவு நடந்தது என்பது இன்று நம்புதற்கரியது. அவர் 1998இல் மறைந்தார். அவ்வாண்டே ஐகேன் என்னும் அமைப்பு அப்பணியை ஏற்றது. அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016ஆம் ஆண்டு அக்டோபரில் நீங்கியது.

நம்பிக்கை தவறிய இரு நாட்கள்

திசைவிகளின் பட்டியல் எவ்வாறு உண்டாகிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன: 'இம்முகவரிகள் என்னிடம் உள்ளன, என் வழியே அனுப்புக'. 1989இல் இரு பொறியாளர்கள் உணவு மேசையில் கைத்துடைப்புத் தாள்களில் வரைந்து தொடங்கிய பி.ஜி.பி. என்னும் நெறிமுறைப்படி இது நடைபெறுகிறது. அறிவிப்பவர் உண்மை சொல்கிறார் என்பதே அதன் எடுகோள்.

24-02-2008 அன்று பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், அரசாணைக்கிணங்க யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்றது. அதற்காக, யூடியூபின் 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பை உள்ளூர்த் திசைவிகளுக்கு இட்டது. அது ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியே வெளியுலகுக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெருந்தொகுதி. மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டே வெல்லும் என மேலே கண்டோம். திருச்சிக்குரிய பையும், திருச்சியின் ஒரே ஓர் அஞ்சலகத்துக்குரிய பையும் எதிரில் இருந்தால், பிரிப்பவர் இரண்டாவதையே தெரிந்தெடுப்பார் அன்றோ? உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் சென்ற பொதிகள் பாகிஸ்தானுக்குத் திரும்பி அங்கே மறைந்தன. சீர்செய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று.

04-10-2021 அன்று நிகழ்ந்தது இதற்கு மறுதலை. பேஸ்புக் நிறுவனம் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அதன் உள்வலையைத் துண்டித்தது. அதனை உணர்ந்த அதன் பெயர் வழங்கிகள், 'எம்மிடம் வாராதீர்' என்பதுபோலத் தம் அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் உட்பட எல்லாம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலக வரைபடத்திலிருந்து நீங்கின. பொறிகள் இருந்தன, முகவரிக்கு வழி சொல்வார் இல்லை. இன்று அறிவிப்புகளுக்கு மறைகுறியீட்டுக் கையொப்பம் இடும் முறை பரவிவருகிறது. முதல் நிகழ்ச்சி போன்றவற்றை அது பெருமளவு தடுக்கும், இரண்டாவதை அன்று.

முகவரிப் பஞ்சம்

32 பிட் எனில் மொத்த முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. வகுத்த காலத்தில் இது பெரிதாகத் தோன்றியது. 03-02-2011 அன்று உலகப் பொதுக்களஞ்சியத்தின் கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிரப்பட்டன, களஞ்சியம் ஒழிந்தது. முதலில் வந்தவர்க்கு மிகுதியாகக் கொடுத்தமையால், தொடக்கத்தில் சேர்ந்த அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் இருந்தன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்த நம் நாட்டுக்குப் பந்தியில் எஞ்சியதே கிட்டியது.

பஞ்சத்தைத் தாங்கிக்கொள்ள ஓர் உபாயம் கையாளப்படுகிறது. 10 எனத் தொடங்குவன, 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரிகள் எவரும் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ள 1996இல் ஒதுக்கப்பட்டன. உள்ளே பல கருவிகள். வெளியுலகுக்கு ஒரே முகவரி. இடையில் நிற்கும் பெட்டி மாற்றி எழுதித் தருகிறது. விடுதியின் முகவரிக்கு வரும் கடிதங்களை அறை எண் பார்த்துக் காப்பாளர் பிரித்துத் தருவது போல. வசதியானதே. ஆயினும் வெளியே உள்ளவர் தாமாக உள்ளே ஓர் அறையைக் கூப்பிட இயலாது. சந்தாதாரர் பலர் ஒரே முகவரிக்குப் பின்னே இருப்பதால், குற்றம் நிகழ்ந்து விசாரிக்கும்போது முகவரி ஒன்றை மட்டும் கொண்டு இன்னார் என்று சுட்டுவதும் பிழையாகும். நேரம், வாயில் எண் ஆகியவையும் சேர்ந்தாலன்றி அது சான்றாகாது. காவல்துறையினரும் வழக்குரைஞரும் செய்தியாளரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நிலைத்த தீர்வு, 1998ஆம் ஆண்டு டிசம்பரில் வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு. அதில் முகவரி 128 பிட். மொத்தம் எத்தனை எனின், 34ஐ எழுதி அதன்பின் 37 சுழிகளை இட்டால் ஏறத்தாழ அத்தொகை. 1983இல் நாள் குறித்து நிகழ்த்திய மாற்றம் அன்று முடிந்தது போல், இம்மாற்றம் இன்று கால் நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை. ஊர் பெரிதாகிவிட்டது, பழையது ஓடிக்கொண்டிருக்கையில் செலவு செய்து மாற்ற எவர்க்கும் அவசரமில்லை. நெருக்கடியில் இருந்தவர்களே முந்தினர். 2016இல் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஆறாம் பதிப்பை விரிவாகக் கையாண்டது. இன்று அப்பதிப்பைப் பயன்படுத்தும் முன்னணி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

எழுத்துக்கும் உடன்பாடு

இதுவரை கண்ட நெறிமுறைகள் யாவும் பிட்டுகளைப் பிழையின்றிச் சேர்ப்பன. சேர்ந்த பிட் எந்த எழுத்து என்பது வேறொரு உடன்பாடு. 1990களில் தமிழில் மின்னஞ்சல் எழுதியோர் இதனைப் பட்டறிந்தனர். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துக்கு எண் கொடுத்திருந்தனர். அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில், பொதி ஒரு பிட்டும் குறையாமல் வந்து சேரும். திரையில் தோன்றுவதோ பொருளற்ற குறிகளின் குவியல். பொறிகள் பேசிக்கொண்டன, மனிதர் பேச இயலவில்லை. திஸ்கி என்னும் குறியேற்றத்தை ஆர்வலர் மின்னஞ்சல்வழிக் கலந்து உருவாக்கினர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் எனும் தரங்கள் வந்தன. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு பின்னர் வென்றது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. அதன்படி 'த' என்பதற்கு உலகெங்கும் ஒரே எண், 2980. 'தமிழ்' என்னும் சொல் இன்று ஐந்து குறிகளாக, 15 பைட்டுகளில் பயணிக்கிறது.

முகவரியிலும் எழுத்துரிமை பிறந்தது. பெயர்முறை இலத்தீன் எழுத்துகளையே அறிந்திருந்தது. உலக வழங்கிகளையெல்லாம் மாற்றுவதற்குப் பதில், பிறமொழிப் பெயரை இலத்தீன் குறிச்சரமாக மாற்றும் முறை 2003இல் வகுக்கப்பட்டது. மாற்றம் நம் கருவியிலேயே நிகழும், நடுவிலுள்ளோர் அறியார். 2010ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக வேரில் சேர்ந்த இலத்தீனல்லாத நாட்டுப் பெயர்கள் அரபு எழுத்திலானவை: எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம். அடுத்து, 2010, 2011ஆம் ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ்ப் பெயர்கள் சேர்ந்தன. மின்னஞ்சல் முகவரி முழுவதையும் தமிழில் எழுதுவதற்கான விதிகளும் 2012இல் வெளிவந்துவிட்டன.

ஆயினும் அத்தகைய முகவரியை ஒரு விண்ணப்பப் படிவத்தில் இட்டால், 'செல்லாத முகவரி' என்று மறுக்கும் வலைத்தளங்கள் பல. தடை நெறிமுறையில் இல்லை; கம்பியிலும் இல்லை. இலத்தீன் எழுத்தல்லாதது முகவரியன்று எனப் படிவத்தை எழுதியவர் இட்டுவைத்த ஒரு வரியில் இருக்கிறது. அவ்வரியைத் திருத்தக் கணிப்பொறித் துறையின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர்க்கு ஒரு பிற்பகல் போதும். தம் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்திலிருந்தே அவர் தொடங்கலாம்.